யாருடைய முடி?

“ஃபேனை நிறுத்திடலாமா சார்? காத்து சத்தம் மைக்ல கேக்குது.”

ஹரிபிரசாத் சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் அனந்தகிருஷ்ணனே எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டினார். ஏ.சி. முந்தின நாளே மண்டையைப் போட்டிருந்தது. ஆனாலும் மேனேஜர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

காரணம் தாம்பரம் சானடோரியத்தில் இருந்த அந்த ரப்பர் கம்பெனி முழுக்கத் தெரியும். மேனேஜர் தலையில் இருப்பது விக். “சார் குளிச்சா தலைய தொவட்ட மாட்டாரு, கயட்டி காய வெப்பாரு” என்று கேன்டீன் ரோஸி அக்கா டீ ஆற்றிக்கொண்டே சொல்வாள். ஊருக்கே தெரியும் என்பது மேனேஜருக்கு மட்டும்தான் தெரியாது.

ஹரி அங்கே ஜப்பானிய மொழிபெயர்ப்பாளன். டோக்கியோ கஸ்டமர் ஒகாவா வீடியோவில் பேசுவதை உடனுக்குடன் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மும்பை ஹெட் ஆபீஸ் பெரியவர்கள் முகம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வம்பு ஜப்பானிய மொழியில்தான். என், உன் என்று அது லேசில் வாய் திறக்காது. நம் வீடுகளில் “அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல” என்றால் யார் அம்மா என்று நாமாகப் புரிந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி விட்டுவிடும். இங்கிலீஷ் விடாது. யாருடையது என்று சொன்னால்தான் மறுவேலை பார்க்கும்.

போன மழைக்காலத்தில் ஒகாவா, “வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது” என்றார். ஹரி அதை “உங்கள் வீட்டுக்குள்” என்று ஆக்கிவிட்டான். டோக்கியோக்காரருக்கு எப்படித் தெரியும் என்றுகூட யோசிக்காமல், மேனேஜர் மீட்டிங்கை அப்படியே போட்டுவிட்டு முடிச்சூர் வீட்டுக்குப் பறந்தார். அங்கே மோட்டார் ரிப்பேராகி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அவர் மனைவி நாகலக்ஷ்மி குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார். தண்ணீர் புகுந்தது ஒகாவா வீட்டில்.

“இன்னொரு தடவை யாருதுன்னு மாத்திச் சொன்னே, உன் கன்ஃபர்மேஷன் அவ்ளோதான்” என்றார் மேனேஜர், திரும்பி வந்து.

வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி குறிப்போம் என்று பொழிச்சலூரில் சுபத்ராவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஹரிக்கோ சுபத்ரா என்றால் உயிர்.

அதனால் இன்று ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தரம் யோசித்துத்தான் சொன்னான். அறை வெந்தது. இருவருக்கும் வேர்வை ஆறாக ஓடியது. ஒருவழியாக விலை படிந்து, எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஒகாவா கேமராவுக்கு அருகில் வந்தார். திரை முழுக்க அவர் முகம்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, இரண்டே வார்த்தை சொன்னார்.

“முடி நழுவுகிறது.”

ஹரி வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்தான். விக் கொஞ்சம் ஏறி இருப்பதுபோலத்தான் பட்டது. “உங்கள் முடி” என்று சொன்னால் மும்பை முழுக்கக் கேட்கும். மேனேஜர் மானம் போகும், அதன் பின்னாலேயே கன்ஃபர்மேஷன் போகும், அதன் பின்னால் சுபத்ராவும் போய்விடுவாள். டோக்கியோக்காரருக்கு முடி போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

“என் முடி நழுவுகிறது என்கிறார்” என்று இங்கிலீஷில் அடித்துவிட்டான்.

மேனேஜர் சட்டென்று மைக்கை அணைத்தார்.

“ஹரி, அவரும் விக்கா?”

“அப்படித்தான் தோணுது சார்.”

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்ளோ பெரிய மனுஷன், எவ்ளோ சாதாரணமா சொல்றாரு பாரு. இத்தனை வருஷமா நான் ஃபேனுக்கு பயந்து, கடற்கரைக்கு பயந்து... கோயில்ல விழுந்து கும்பிட்டதுகூட இல்லடா. உன்ன மாதிரி சுருள் சுருளா முடி வெச்சிருக்கிறவனுக்கு இந்த வேதனை புரியாது.”

“ஆமா சார்” என்றான் ஹரி.

மேனேஜர் மைக்கைப் போட்டார். எழுந்து நின்றார். இரண்டு கையாலும் விக்கைக் கழற்றி, மேஜையில் ரப்பர் சாம்பிள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் தலை பளபளத்தது. ஒகாவா தனி ஆள் இல்லை என்று அவரிடம் சொல்லச் சொன்னார். ஹரி சொன்னான். மும்பைப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஒகாவா வாயைப் பிளந்தார். பிறகு அவரும் எழுந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். மேனேஜர் ஹரியின் முதுகில் தட்டினார்.

“தலையிலேர்ந்து பெரிய பாரம் எறங்கிடுச்சுடா. இன்னைக்கே உன் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்து போடறேன்.”

ஹரிக்கு உச்சி குளிர்ந்தது. மனசுக்குள் பொழிச்சலூரில் மேளம் கொட்டியது.

அப்போது ஒகாவா தயங்கித் தயங்கி மறுபடி பேசினார். இந்தத் தடவை யாருடையது என்பதில் ஜப்பானிய மொழி துளியும் சந்தேகம் வைக்கவில்லை.

“மன்னிக்க வேண்டும். நான் சொன்னது உங்கள் முடியையும் அல்ல, என் முடியையும் அல்ல. மொழிபெயர்ப்பாளருடைய முடியை.”

“என்ன சொல்றார்?” என்று மும்பை இங்கிலீஷில் கேட்டது. ஹரிபிரசாத், சுபத்ராவுக்கே தெரியாத தன் விக்கை இடது காதிலிருந்து மெல்ல இழுத்து உச்சியில் வைத்துக்கொண்டான்.