ரப்பர் துப்பாக்கி

“செத்துட்டப்பா நீ,” என்றார் இருதயசாமி.

கையில் துப்பாக்கியோடு ராஜமுருகன் திருதிருவென்று விழித்தான். இடுப்பு உறையிலிருந்து அதை வேகமாகத்தான் உருவியிருந்தான்.

“எப்படிண்ணே? ரெண்டு செகண்டுகூட ஆகலையே!”

“உருவுன, நீட்டுன, அமுக்குன. லீவரை யாரு தட்டுவா, ஒன் மாமனாரா? இந்த பிஸ்டல்ல அந்தச் சின்ன லீவரைக் கீழ தள்ளாம குண்டு கெளம்பாது. அதுக்குள்ள எதிராளி ஒன்னய முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.”

கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் இருதயசாமியின் வீட்டுக்குப் பின்னால், கேரட் பாத்தி ஓரமாக இருவரும் நின்றிருந்தார்கள். ராஜமுருகன் கையில் இருந்தது பயிற்சிக்கென்றே செய்த ரப்பர் துப்பாக்கி. பார்க்க அசல் போலவே இருக்கும், சுடாது.

ராஜமுருகனுக்கு மலையடிவாரத்து ஆயக்குடியில் கொய்யா மண்டி, கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதி. மலைப்பாதையில் தனியாகக் காரோட்டிப் போய்வரப் பயமாக இருக்கிறதென்று துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு, போன வாரம்தான் அது கைக்கு வந்திருந்தது. நாளை மதுரைக்குப் போய்த் துப்பாக்கி வாங்க வேண்டும்.

எதை வாங்குவது என்று கேட்க அவனுக்கு இருதயசாமியை விட்டால் ஆளில்லை. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். இப்போது வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் துப்பாக்கிக் காவலர். மலைக்கு வரும் நாளெல்லாம் ராஜமுருகனுக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

இருதயசாமி இன்னொரு ரப்பர் துப்பாக்கியை எடுத்தார். இது ரிவால்வர்.

“இதைப் பாரு. உருளையில ஆறு அறை, ஆறு குண்டு. தட்டுறதுக்கு லீவர் கெடையாது. விசையே கெட்டியா இருக்கும், வேணும்னு அமுக்குனாத்தான் அமுங்கும். ஒரு குண்டு வெடிக்காமப் போச்சுன்னு வையி. பிஸ்டல்னா ரெண்டு கையும் போட்டு இழுத்து அதை வெளிய தள்ளணும். இதுல மறுபடி அமுக்குனாப் போதும், உருளை சுத்தி அடுத்த குண்டைக் கொண்டாந்து நிறுத்தும்.”

“பிஸ்டல்னா ஒரு கெத்து இருக்கும்லண்ணே?”

“கெத்து வேணும்னா கூலிங் கிளாஸ் வாங்கிக்க. பயந்த மனுசனுக்குக் கை நடுங்கும், புத்தி மரத்துப் போகும். அந்த நேரத்துல ஞாபகம் வச்சுக்க வேண்டியது எதுல கம்மியோ, அதுதான் நல்ல துப்பாக்கி.”

ராஜமுருகன் சிரித்துக்கொண்டே ரிவால்வரை உறையில் செருகினான்.

“உறை அந்த விசையை முழுசா மூடியிருக்கணும், அதையும் பாத்து வாங்கு. ஸ்வெட்டரை எடது கையால தூக்கு, இல்லைன்னா நூல்ல மாட்டிக்கிரும். உருவும்போது விரல் வெளியவே நீளமா இருக்கட்டும். குறி பாத்த பெறகுதான் விசைக்குப் போகணும். எங்க, உருவு!”

பத்து முறை உருவ வைத்தார். பத்தாவது முறை கை தடுமாறவில்லை.

“இப்ப பொழச்சுட்ட!” என்று கைதட்டினார் இருதயசாமி. “என்னோடது இருந்திருந்தா உருளையைத் தெறந்தே காமிச்சிருப்பேன். லைசென்ஸ் முடிஞ்சு, அது ஸ்டேஷன்ல கெடக்கு. புதுப்பிக்கக் குடுத்து அஞ்சு மாசமாச்சு. திங்கக்கெழமைக்குள்ள துப்பாக்கியோட வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க. எம் மக ஜென்சியோட நர்சிங் படிப்பே அந்தச் சம்பளத்துலதான் ஓடுது.”

“அது வந்துரும்ண்ணே, விடுங்க,” என்றான் ராஜமுருகன் அவசரமாக. “இன்னொருக்கா உருவிக் காட்டவா?”

அப்போது இருதயசாமியின் போன் அடித்தது. ஸ்டேஷன் ரைட்டர் பொன்னுச்சாமி. ஆவலோடு ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, மனசைத் தேத்திக்கங்க. உங்க லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க.”

“ஏங்க? என் மேல ஒரு கேசுகூடக் கெடையாதே!”

“உங்களால தன் உசுருக்கு ஆபத்துன்னு ஒருத்தரு எழுதிக் குடுத்திருக்காரு. பேரை நான் சொல்லக் கூடாதுங்க. அப்பீல் பண்ணிப் பாருங்க.”

இருதயசாமி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாலயா? இந்த ஊர்ல யாரையாவது நான் ஏலேன்னு கூப்பிட்டிருப்பேனா தம்பி?”

உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தார்.

“அழகுமலைதான்! போன வருசம் வேலித் தகராறுல என்னைய மொறச்சுக்கிட்டே போனான். பக்கத்துத் தோட்டத்துல இருந்துக்கிட்டு என் சோத்துல மண்ணைப் போட்டுட்டானே! இப்பவே போயி சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

வேலியை நோக்கி நடந்தவரை ராஜமுருகன் ஓடிவந்து மறித்தான்.

“வேணாம்ண்ணே. அவரு எழுதல.”

“அது ஒனக்கெப்படித் தெரியும்?”

ராஜமுருகன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பயமா இருக்குன்னு மட்டும் எழுதுனதுக்கு என் மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்கண்ணே. யாரால ஆபத்துன்னு ஒரு பேரு கேட்டாங்க.”

“சரி, அதுக்கு?”

“துப்பாக்கி வச்சிருக்குற ஆளுன்னு எனக்கு ஒங்களைத்தானேண்ணே தெரியும்!”