மஞ்சள் தெரியும் பக்கம்

கண்ணாடி மணி செய்கிறவள் மேசை விளக்கைப் போட்டு, புதிய கண்ணாடித் தகட்டை ஒரு சிறிய டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள்.

"பாருங்க, என்ன நீலம்! என் கழுத்து மணிக்கு இதுதான்."

"நீலமா? சுத்த மஞ்சள்டி" என்றார் கணவர்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சப்பவும் இதே சண்டைதான்" என்று அவள் சிரித்தாள். "இது இருநிறக் கண்ணாடி. பட்டுத் திரும்புற வெளிச்சம் நீலம், ஊடுருவிப் போறது மஞ்சள். விளக்கு இருக்கிற பக்கம் நின்னா நீலம்தான் தெரியும்."

"எனக்கு மஞ்சள்தான் தெரியுது."

"விதண்டாவாதம்! இருங்க, பின்னாடி கறுப்புக் கண்ணாடியைச் சேர்த்து உருக்கிடறேன். வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது, நீலம் பளிச்சுனு நிக்கும்."

"கறுப்பு வேண்டாம்மா!" குரல் பதறியது.

"ஏன்?"

"அப்புறம் உன்னைப் பார்க்க முடியாதே."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கீழே வைத்தாள். மஞ்சள் தெரிய வேண்டுமென்றால் பார்க்கிறவர் தகட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பின்னால் இருந்தது அந்த டப்பா மட்டும்தான். அதில், மணிக்குள் பொதிந்து உருக்குவதற்காக அவள் கொண்டுவந்திருந்த, அவருடைய சாம்பல்.