சிவந்த வெளிச்சம்

வானத்தில் இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. ஒருவன் சுருளன், மற்றவன் உருண்டையன். அவ்வப்போது வெளிச்சம் அனுப்பித்தான் நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை உருண்டையனிடமிருந்து வந்த வெளிச்சம் கொஞ்சம் சிவந்திருந்தது.

"என்னடா, முகம் சிவந்துபோச்சு? என்மேல கோபமா?" என்று சுருளன் கேட்டு அனுப்பினான்.

அந்தக் கேள்வியும் சிவந்துபோய்த்தான் உருண்டையனிடம் சேர்ந்தது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கொதிக்கிறவன் நீ. தள்ளித் தள்ளிப் போறவனும் நீ. பழி மட்டும் எனக்கா?"

"நான் இருந்த இடத்துலயேதான்டா இருக்கேன். நீதான் போற!"

"சத்தியமா நான் அசையவே இல்லை!"

இருவரும் சொன்னது உண்மை. குழப்பமே அதில்தான். நடுவில் கிடந்த இருட்டிடம் நியாயம் கேட்டார்கள்.

"என்னை ஏன் இழுக்கிறீங்க? நான் பாட்டுக்குச் சும்மா கிடக்கேன்," என்றது இருட்டு. சொல்லி முடிப்பதற்குள் கொஞ்சம் பெருத்திருந்தது.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு வெளிச்சமும் முன்னதைவிடச் சிவப்பாக, முன்னதைவிடத் தாமதமாக வந்தது.

கடைசியில் சுருளனுக்கு மனசு கேட்கவில்லை. "சரிடா, தப்பு என்மேலதான்னே வச்சுக்கோ. பேசு," என்று தன்னிடம் இருந்ததிலேயே வெள்ளையான வெளிச்சத்தை எடுத்து அனுப்பினான். அதே நேரத்தில் உருண்டையனும் அதையேதான் அனுப்பினான்.

இரண்டு வெளிச்சங்களும் ஓட்டமாய் ஓடின. ஓட ஓட வழி நீண்டுகொண்டே போனது; வழியோடு இழுபட்டு அவையும் சிவந்தன.

சுருளன் காத்திருந்து பார்த்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் இருட்டிடமே சொன்னான்: "பார்த்தியா, ஒரு பதில்கூட இல்லை. எவ்வளவு கோபம் அவனுக்கு!"

"ஆமாமா," என்றது இருட்டு. இன்னும் கொஞ்சம் பெருத்தது.