பழைய டீம்

"வரிசையா தோல்வி, தலைவரே. கோச்சை மாத்தியே ஆகணும்," என்றார் கிளப் செயலாளர். "புதுப் பசங்களை ஓரமா உக்கார வச்சுட்டு, பழைய டீமுக்கே பயிற்சி கொடுக்குறாரு."

"இன்னும் விடலையா அவரு?"

தலைவர் மைதானத்துக்கே போனார்.

"கோச், நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம்."

கோச் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். "பசங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு மனசு வரல."

"எந்தப் பசங்க? போன வருஷம் பஸ் கவிழ்ந்ததுல உங்களைத் தவிர யாருமே பிழைக்கலையே."

கோச் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பெருமூச்சு விட்ட தலைவர், காலடியில் கிடந்த பந்தை ஆளில்லாத மைதானத்துக்குள் உதைத்தார்.

பாதி தூரம் உருண்ட பந்து சட்டென்று நின்றது. பிறகு, யாரோ பாஸ் கொடுத்ததுபோல, நேராக அவர் காலுக்கே திரும்பி வந்தது.