ஒரு வாளி நல்ல தண்ணீர்

திரையில் எண் சிவந்துவிட்டது.

“எவன் கை வெச்சது?” என்றார் மேலாளர். மெதுவாகத்தான் கேட்டார். அவர் மெதுவாகக் கேட்டால் யாருக்கோ சீட்டுக் கிழியப் போகிறது என்று அந்த முலாம் பூசும் ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியேறும் கழிவுநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. திரையில் 0.6. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் இதே எண் இந்நேரம் சிவந்திருக்கும். பத்து நிமிடத்தில் போன், சாயங்காலத்துக்குள் கதவில் சீல்.

சுத்திகரிப்பு இயந்திரங்களை நிறுத்தி ஏழு மாதம். கழிவுநீரில் பாதி கால்வாயில் ஓடியது, மீதி பின்பக்கத்து வறண்ட போர்வெல்லில் இறங்கியது. “மண்ணைவிட நல்ல ஃபில்டர் எவன்யா கண்டுபிடிச்சான்?” என்பார் மேலாளர். அளவெடுக்கும் கருவியின் டியூப்பைக் கால்வாயிலிருந்து எடுத்து, ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டுவைத்ததும் அவர் மூளைதான். மாதம் ஒருமுறை வாளித் தண்ணீரை மாற்றினால் போதும்; எண் ஒருநாளும் அசைந்ததில்லை.

அசைத்தவள் யாரென்று அவருக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துப் பெண். “இந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்று நேற்றுத்தான் மல்லுக்கு நின்றாள்.

போன் அடித்தது. மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள்தான் என்று நினைத்து எடுத்தார். வளாகத்துக்குள்ளேயே இருந்த வீட்டிலிருந்து மனைவி.

“பாப்பாவுக்கு மறுபடியும் வாந்திங்க. ரெண்டு வாரமா இதே பாடு. உங்க ஆலை பம்ப்பு மோட்டார்காரர் வேற இன்னிக்குக் காலங்காத்தால வாளியோட வந்து வாசலையே சேறாக்கிட்டுப் போயிட்டாரு.”

பேத்தி என்றால் அவருக்கு உயிர். ஆனால் இப்போது நேரமில்லை.

“வெயில் ஒத்துக்கல. தண்ணி நெறையக் குடு,” என்று வைத்தார்.

பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவள் முன்னால் நின்றார். “டியூப்பைத் தூக்கிக் கால்வாயில போட்டுட்டா நீ பெரிய தியாகியா? உங்க வீட்டுலேயே முதமுதல்ல படிச்சவ. இனிமே எந்தக் கம்பெனியும் உன்னை வாசப்படி மிதிக்க விடாது.”

“வந்து பாத்துட்டுத் திட்டுங்க சார்.”

கால்வாய் ஓரத்துக் கொட்டகையில் வாளி இருந்தது. அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். டியூப் அதற்குள்ளேதான் கிடந்தது.

“அப்போ வாளியில எதையோ கலந்திருக்கே.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன் சார்,” என்றபடி மோட்டார்காரர் இன்னொரு வாளியோடு மூச்சிரைக்க வந்தார். “அதான் ஓடிப்போய்ப் புதுசாப் பிடிச்சாந்தேன்.”

டியூப்பை அதில் போட்டார்கள். மூவரும் கருவியின் திரையைப் பார்த்தார்கள்.

0.6.

“நல்ல தண்ணிதானேய்யா பிடிக்கச் சொன்னேன்?” மேலாளர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “எங்கேய்யா பிடிக்கிறே?”

மோட்டார்காரர் தலையைச் சொறிந்தார்.

“உங்க வீட்டுக் குழாய்லதான் சார்.”