அந்தோனியார் மேல் சத்தியம்

வேலைக்குக் கிளம்பிய சுபோதினி கதவைத் திறந்தாள். வாசலில் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. நின்றுகொண்டு சிவப்பு நோட்டீஸுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"தவஸ் தாஹதரய், நங்கி" என்றார். கொரோனாச் சந்தேகத்தில் பதினாலு நாள் வீட்டை மூடுகிறார்களாம்.

சுபோதினி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தாள். இந்த வீட்டு ஆள் மீன்சந்தைக்குப் போய்வந்து விடாமல் இருமுகிறான் என்று யாரோ போன் பண்ணிச் சொன்னார்களாம். யாரென்று அவருக்கும் தெரியாதாம்.

இதற்குச் சாத்திரமா பார்க்க வேண்டும்? எதிர் வாசலில் ரொஷேல் நின்றாள். கையில் போன்.

கொட்டாஞ்சேனையில் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே ஒரு பொதுக் குழாய். போன கிழமை அங்கேதான் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. "எங்கட ரொஷான்ட வீட்டையும் மூடினவங்க. கம்பெனி லீவும் குடுத்து முழுச் சம்பளமும் குடுத்தது. ராசா மாதிரி இருந்தான்" என்று ரொஷேல் தம்பி புராணம் பாடினாள். "அப்ப உங்கட வீட்டையும் மூடச் சொல்லுங்கவன்!" என்று வாளியை அடித்து வைத்துவிட்டு வந்து, புருஷனிடமும் சொல்லிப் பொரிந்தாள் சுபோதினி. அந்த வன்மத்தைத்தான் இப்போது தீர்த்துவிட்டாள், பாவி!

சுபோதினியின் புருஷன் சுகிர்தன் வெள்ளவத்தைக் கலியாண மண்டபமொன்றில் பந்தி பரிமாறியவன். கொரோனா வந்தது, கலியாணம் நின்றது, அவன் வேலையும் போனது. கைச்செலவுக்கென்று ஒரு சதம் கொடுக்க ஆளில்லை. அன்றிலிருந்து மருதானையில் அவள் மாஸ்க் தைத்துக் கொண்டுவரும் நாள்கூலியில்தான் மூன்று வயிறும் நிறைகிறது.

முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பதினாலு நாளைக்கு லீவு தாங்கம்மா. பாதிச் சம்பளமெண்டாலும் காணும்."

"லீவா? நாள்கூலிக்கு ஏது பிள்ளை லீவு? உன்ட மெசினுக்கு வெளியில ஆக்கள் லைனில நிக்கினம். இனி நீ வர வேணாம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவ்வளவுதான் வேலை.

சுபோதினிக்கு வந்ததே ஆத்திரம்! வாசற்படியைத் தாண்டக் கூடாது. வாயை யார் கட்டுவது? "அடியே ரொஷேல்! என்ட புள்ளையின்ட சோத்தில மண்ணள்ளிப் போட்டிட்டியேடி! நீ நல்லா இருப்பியா?"

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. ரொஷேலின் முகம் வெளிறிவிட்டது. "நான் இல்ல புள்ள. கொச்சிக்கட அந்தோனியார் மேல சத்தியம்!"

கொட்டாஞ்சேனையில் வேதக்காரரானாலும் சரி, சைவக்காரரானாலும் சரி, அந்தோனியார் பெயரில் பொய்ச்சத்தியம் பண்ணத் துணியமாட்டார்கள். இவள் துணிந்துவிட்டாளே!

கதவை அறைந்து சாத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சுகிர்தன் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினான்.

"குடி, சுபா. தண்ணிக்குப் பயமில்ல."

உண்மைதான். நேற்று மாலை அவள் வேலையால் வந்தபோது, வாளி, குடம், குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின் எல்லாமே தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. குழாயடிப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷன்! "நீ களைச்சு வாறாய்தானே" என்று அவன் சொன்னதில் அவள் உருகிப்போய், பொரித்த மீனில் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்திருந்தாள். இந்த உலகத்தில் தனக்கென்று இவன் ஒருவனாவது இருக்கிறானே என்று இப்போதும் நெஞ்சு நெகிழ்ந்தது.

"மருதானை வேலை போயிட்டுதப்பா" என்று விம்மினாள். "லீவும் இல்லையாம், சம்பளமும் இல்லையாம். இனி வரவே வேணாமாம்."

அவன் பேயறைந்தவன்போல் நின்றான். "லீவுச் சம்பளம்... ஒண்டும் தர மாட்டாங்களாமா?"

"அவள் சும்மா தப்பக் கூடாது!" சுபோதினி எழும்பி, அந்தோனியார் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் குழந்தையோடு நின்றாள். "நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாச் சொல்லுவம். அந்தோனியாரே, எங்கட வயித்தில அடிச்ச ஆளின்ட குடும்பம்..."

பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான் சுகிர்தன்.

"சொல்லாத, சுபா! ரொஷானுக்குக் குடுத்தவங்கதானே... உனக்கும் லீவோட சம்பளம் தருவாங்க எண்டு நம்பி நான்தான் பி.எச்.ஐ.க்குக் கோல் எடுத்தனான்."