நான்கு மணி நேர மாப்பிள்ளை

தந்தைவழி வந்த மரபணுக் குறையோடு ஆலைப்புகையும் சேர்ந்தால் பரிதிக்குப் புற்றுநோய் வரக்கூடும். அதனால் ஆலைக் குடியிருப்புக்குள் அவனுக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் அனுமதி. அந்தக் குறை இல்லாத அவன் மனைவி வெண்ணிலாவுக்கு வேலையும் வீடும் உள்ளேயே. அவன் வெளியே அறை எடுத்துத் தங்கி, தினமும் மூன்று மணிக்கு வந்து ஏழு மணிக்குக் கிளம்புவான்.

“என்ன மாப்ள, இன்னும் பொண்ணு பாக்கத்தான் வந்துட்டிருக்கீங்களா?” என்பார் வாசல் காவலர்.

வெண்ணிலாவும் விடமாட்டாள். “பாத்திரம் கழுவுற நேரமாப் பாத்துக் கெளம்பிடுற.”

ஒருநாள் அவள் வயிற்றுப் பிள்ளையின் பரிசோதனை முடிவு வந்தது. பிள்ளைக்கும் அந்தக் குறை இருந்தால் அவள் வேலையை விட்டு அன்றே வெளியேற வேண்டும். இருவரும் சேர்ந்தே படித்தார்கள்.

“அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு,” என்றாள்.

“என்னாலதான். எட்டு வருஷ வேலை போச்சே உனக்கு,” என்றான் பரிதி.

அவள் ஆலை அடையாள அட்டையைக் கழற்றிச் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுத் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

“உன் ரூம்ல எத்தனை கட்டில்?”

“ஒண்ணுதான்.”

“அப்ப நீ தரையில படுத்துக்கோ. நாங்க ரெண்டு பேர் இருக்கோம்.”